கிலோவுக்கு முன் வரும் எண்ணை மட்டும் எடுப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டக் கணக்கில் ‘45 கிலோ 180 வெள்ளி’ (வெள்ளி என்பது ரிங்கிட்) என்று ஒரே வரியில் எழுதப்பட்டிருக்க, எடையை மட்டும் பிரித்தெடுக்கும் வழியைக் கேட்டிருக்கிறீர்கள்.

[0-9]+(?= கிலோ) என்ற ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளைத் தேடிப் பிடிக்கும் வடிவக் குறிப்பு) போதும்; கிலோவுக்கு முன்னுள்ள இடைவெளியும் அதன் பகுதியே. அடைப்புக்குறிக்குள் இருக்கும் லுக்அஹெட், எண்ணை அடுத்து அச்சொல் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறதே தவிர, அதைப் பொருத்தத்தில் சேர்ப்பதில்லை. ஆகவே 45 மட்டும் கிடைக்கும்.

எதிர்மறை வடிவத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. கிலோ வராத எண்களைப் பெற [0-9]+(?! கிலோ) என்று எழுதினால், 45 பொருந்தாதபோது நிரல் ஓர் இலக்கம் பின்வாங்கி, 4-க்கு அடுத்து இருப்பது 5 என்பதால், அந்த 4-ஐப் பொருத்தமாக ஏற்றுக்கொள்ளும். இப்படி ஒரு பொய்யான எண் நுழைந்தால் பால் வெட்டியவரின் கூலியே பிசகும் என்பதால் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. [0-9]+(?![0-9]| கிலோ) என எழுதினால் பின்வாங்கும் வழி அடைபட்டு, 180 மட்டும் வரும்.

பெர்ல், பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்று நிரல்மொழிகளிலும் இது இயங்கும். கோ (Go) நிரல்மொழியுடன் வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகத்தில் லுக்அஹெட் கிடையாது. அங்கே ([0-9]+) கிலோ என்று எழுதி, அடைப்புக்குள் பிடிபட்ட எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.