பொண்ணுக்கு ஹீமோகுளோபின் 9.2, பவுடர் வாங்கி குடுக்கலாமா?

திண்டுக்கல் பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பொண்ணுக்கு 14 வயசு, வயசுக்கு வந்து ரெண்டு வருஷம், ஹீமோகுளோபின் 9.2, மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, எந்நேரமும் பச்சரிசிய மென்னுட்டே இருக்கா. ஸ்கூல்ல வாரம் ஒண்ணு குடுக்குற நீல இரும்புச்சத்து மாத்திரை வயித்த பெரட்டுதுன்னு தூக்கி போட்டுடுறா. தெரிஞ்சவங்க 2,400 ரூபாய்க்கு ஒரு ஹெர்பல் பவுடர் சொல்றாங்களாம், வாங்கலாமான்னு கேள்வி.

வாங்காதீங்கம்மா. அந்த டப்பால எவ்வளவு இரும்புச்சத்து இருக்குன்னு மில்லிகிராம்ல போட்டிருக்கான்னு விக்கிறவங்ககிட்டயே கேளுங்க, பேச்சை மாத்துவாங்க. பேரீச்சம்பழ சிரப், பீட்ரூட் பவுடர், எதுவும் 9.2-ஐ இருக்க வேண்டிய 12-க்கு கொண்டு வராது, இதுக்கு கமிஷன் வாங்கிட்டு வீடு வீடா வர்றவங்கள பாத்தாலே எனக்கு பத்திக்கிட்டு வரும்.

அந்த நீல மாத்திரைல 60 மில்லிகிராம் இரும்பு இருக்கு. ஆனா வாரம் ஒண்ணுங்கிறது ரத்தம் குறையாம பாத்துக்கத்தான். உங்க பொண்ணுக்கு ஏற்கனவே குறைஞ்சாச்சு, அவளுக்கு தினமும் வேணும். ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டர்கிட்ட காட்டினா அளவு சொல்லி இலவசமாவே குடுப்பாங்க. ஸ்கூல்ல, காலைல சாப்பிடாம வர்ற புள்ளைக்கு வெறும் வயித்துல மாத்திரைய குடுத்துட்டு ரெஜிஸ்டர்ல டிக் போட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறாங்களே, அது ஏன் பெரட்டுதுன்னு ஒருத்தராவது அந்த புள்ளைக்கு சொன்னாங்களா? ராத்திரி சாப்பிட்டப்புறம் எலுமிச்சை ஜூஸோட போட சொல்லுங்க. டீ, காபி, கால்சியம் மாத்திரை கூடவே வேணாம். மலம் கருப்பா போகும், பயப்படாதீங்க. இந்த மாத்திரை போட்டா பின்னாடி குழந்தை பிறக்காதுன்னு யாராவது சொன்னா அது சுத்தப் பொய்.

பீரியட்ஸ் பத்தி நீங்க எழுதவே இல்ல. 7 நாளைக்கு மேல போகுதா, ஒரு மணி ரெண்டு மணிக்கு ஒரு பேட் நனையுதா, கட்டி கட்டியா வருதா? "புதுசுல அப்படித்தான்"னு விடாதீங்க, சில பொண்ணுங்களுக்கு ரத்தம் உறையறதுலயே குறை இருக்கும், முதல் பீரியட்ஸ்லதான் அது வெளிய தெரியும்.

இன்னொண்ணு, இத கவனமா படிங்க. ஒழுங்கா மாத்திரை போட்டா ஹீமோகுளோபின் மாசத்துக்கு ஒரு கிராமாவது ஏறணும். ஒரு நாள் விடாம போட்டும் ஏறலன்னா மாத்திரை சரியில்லன்னு அடுத்த டானிக்குக்கு ஓடாதீங்க. உங்க பொண்ணு தலசீமியா கேரியரா, அதாவது அந்த பரம்பரை ரத்தக் குறைபாட்ட ஜீன்ல சுமக்கிறவளா இருக்கலாம். அவங்களுக்கு இரும்பு சரியா இருந்தாலும் ரத்தம் கொஞ்சம் கம்மியாவே காட்டும், அணுக்கள் சின்னதா இருக்கும், அது வியாதி இல்ல, ஆனா இரும்பு மேல இரும்பா கொட்டினா கெடுதல். ஹெச்பி (ஹீமோகுளோபின்) எலக்ட்ரோபோரேசிஸ்னு இத கண்டுபிடிக்க ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, அத எழுதி தர சொல்லி கேளுங்க. வருஷக்கணக்கா டானிக் குடிச்சிட்டு வந்த பொண்ணுங்கள பாத்திருக்கேன், ஒரு டாக்டர் கூட அந்த ஒரு டெஸ்ட்ட எழுதல.

12 வந்ததும் நிறுத்திடாதீங்க, உடம்புல இரும்பு சேமிப்பு நிரம்ப இன்னும் மூணு மாசம் ஆகும். அரிசி தின்னா கல்யாணத்தன்னிக்கு மழை வரும்னு சொல்லி அவள திட்டாதீங்க. இரும்பு குறைஞ்ச உடம்புதான் அத கேக்குது, இரும்பு ஏறினா அவளே அரிசி டப்பா பக்கம் போக மாட்டா.