எல்லோரும் தலையாட்டும் இடத்தில் 'எனக்குச் சரியாகப் படவில்லை' என்று எப்படிச் சொல்வது?

சொந்தக்காரர்கள் கூடிச் சீதனம் பேசும்போது எதிர்த்துச் சொல்ல வாய் வரவில்லை என்கிறீர்கள். நானும் மார்த்தாண்டம் பக்கம்தான். எத்தனை பவுன், எத்தனை சென்ட் நிலம் என்று பேசும்போது, மனசுக்குப் பிடிக்காதவர்களும் தலையாட்டுவதைப் பார்த்தே வளர்ந்தேன்.

இதைக் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார். தனியாக ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று சொல்லச் சொன்னார். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் உடனிருந்தவர்கள், முன்பே பேசிவைத்தபடி, தவறான கோட்டையே காட்டினார்கள். சோதிக்கப்பட்டவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது அதற்கு ஒத்துப்போனார்கள். கோட்டுக்கே இப்படியென்றால் சீதனத்துக்குக் கேட்கவா வேண்டும்!

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. உடனிருந்தவர்களில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, ஒத்துப்போவது முன்பிருந்ததில் ஏறக்குறைய கால்வாசியாகக் குறைந்தது.

எனவே முன்கூட்டியே ஒரு ஆளைப் பிடியுங்கள். அக்கா கல்யாணப் பேச்சுக்கு முந்தின நாள் அடுக்களையில் சித்தியிடம் பேசிவைத்தேன். மறுநாள், "பெரியப்பா, பவுனு கணக்கு பேசுகதுக்கு முன்ன அவளுக்கு என்ன வேணும்னு கேக்கலாமே" என்றேன். "அவன் சொல்லுகதும் சரிதானே" என்றார் சித்தி. பெரியப்பா முறைத்தார். ஆனால் அதுவரை பேசாத மாமாவும் வாய் திறந்தார்.

அப்புறம், 1961லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது, சரி. அதை முதல் வார்த்தையாக எடுத்தால் பேச்சு அங்கேயே சண்டையாகிவிடும். கேள்வியாகத் தொடங்குங்கள்.