கட்டடம் டிசைன் பண்ற ஆர்க்கிடெக்ட் லெ கார்பூசியே பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: வில்லா சவாய் ஒழுகுச்சுன்னு சொல்றாங்களே, நெஜமாவா அண்ணா?

பதில்: நெஜந்தாம்பா. பாரிஸ் பக்கத்துல பொவாஸில இவரு டிசைன் பண்ணி 1931ல முடிச்ச வீடு அது. மெல்லிசு தூண் மேல வெள்ளைப் பெட்டி வச்ச மாதிரி நிக்கும், சுவர் முழுக்க நீளமா ஜன்னல், மேல தட்டைக் கூரை, போட்டோல பாத்தா கண்ண எடுக்க முடியாது. ஆனா மழை பேஞ்சா ஹால்ல ஒழுகும், மேல ஏறிப்போற சாய்தளத்துல ஒழுகும், கராஜ் சுவரு ஊறிக் கெடக்கும். வீட்டம்மா கடிதம் மேல கடிதம் போட்டாங்க, கேஸ் போடற அளவுக்குப் போச்சு, அதுக்குள்ள ரெண்டாம் உலகப் போர் வந்து அவங்க வீட்டையே விட்டுட்டுப் போயிட்டாங்க. இன்னிக்கு அது யுனெஸ்கோ லிஸ்ட்ல இருக்கு. நானா இருந்தா சுத்திப் பாக்கப் போவேன், குடியிருக்க மாட்டேன்.

கேள்வி: பாரிஸையே இடிக்கச் சொன்னாராமே?

பதில்: ஆமா, 1925ல. சேன் நதிக்கு வடக்க பழைய தெருவெல்லாம் தரைமட்டமாக்கிட்டு 18 டவர் நிறுத்தணும்னு ப்ளான். நல்லவேளை யாரும் கேக்கல.

கேள்வி: பாசிஸ்ட்டுன்னு திட்டறாங்களே?

பதில்: போர் சமயத்துல விஷி அரசுகிட்ட, அதான் ஹிட்லரோட ஜெர்மனிக்கு ஒத்துப்போன பிரான்ஸ் அரசுகிட்ட, வேலை கேட்டு ஒன்றரை வருஷம் கிட்ட நடையா நடந்தாரு, அத மறைக்க முடியாது. அதுக்கு முன்னாடி மாஸ்கோலயும் பில்டிங் கட்டியிருக்காரு. யாரு ஆட்சில இருந்தாலும் இவரு ப்ளானுக்கு தலையாட்டினா போதும். இது சமாதானம் இல்ல, இன்னும் மோசம்னுதான் நான் சொல்வேன்.

கேள்வி: சண்டிகர் மொத்தமும் இவரு போட்டதா சார்?

பதில்: இல்லங்க. முதல்ல ப்ளான் போட்டது ஆல்பர்ட் மேயர், கூட இருந்த நொவிட்ஸ்கி 1950ல விமான விபத்துல போயிட்டாரு, அப்புறந்தான் இவரக் கூப்பிட்டாங்க. 800க்கு 1200 மீட்டர்னு செக்டார் பிரிச்சது, ஹைகோர்ட், சட்டசபை இதெல்லாம் இவரு. ஜனங்க குடியிருக்கற வீடுங்கள நிறைய செஞ்சது பியர் ஜான்னரெ, மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ. பேரு மட்டும் ஒருத்தருக்கு.

கேள்வி: ஐலீன் கிரே வீட்டு விவகாரம் என்ன?

பதில்: எனக்கு ரொம்ப கோவம் வர்ற எடம் இது. ஐலீன் கிரேவும் ஒரு டிசைனர்தான். தெற்கு பிரான்ஸ்ல கடலப் பாத்த மாதிரி அந்தம்மா டிசைன் பண்ண வீடு, ஈ-1027ன்னு பேரு. அவங்க அங்கிருந்து போனப்புறம், 1938 வாக்குல, இவரு வந்து அந்த வெள்ளைச் சுவர்ல பெருசு பெருசா படம் வரைஞ்சிட்டாரு, அவங்கள ஒரு வார்த்தை கேக்கல. பின்னாடி அந்த வீட்டுக்குப் பக்கத்துலயே தனக்கு ஒரு மரக்குடிசையும் போட்டுக்கிட்டாரு. 1965 ஆகஸ்ட்ல நீந்தப் போய் செத்தது அதே கரையிலதான்.