மக்ராஸ் ஏரியைச் சுற்றி ஓட வருகிறீர்களா? கில்லார்னி ஓட்டப் பாதைகள்: கேள்வி பதில்

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், கெர்ரி மாவட்டத்துக் கில்லார்னியில் மூன்று ஏரிகள் ஒன்றோடொன்று தொடுத்தாற்போல் கிடக்கின்றன. நடுவில் இருப்பது மக்ராஸ். ஒன்பது ஆண்டுகளாக வாரத்தில் இரண்டு நாளாவது அதைச் சுற்றி ஓடிவருகிறேன். அங்கே ஓட விரும்புகிறவர்கள் கேட்டிருந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, டப்ளினிலிருந்து ஒரே ஒரு நாள் வருகிறேன். பத்து கிலோமீட்டர் சிரமமில்லாமல் ஓடுவேன். எந்தப் பாதையில் ஓடலாம்?

பதில்: மக்ராஸ் ஏரிச் சுற்று. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். மக்ராஸ் மாளிகையில் தொடங்கி அங்கேயே வந்து முடித்தால் சரியாக உங்கள் கணக்குதான், ஏறக்குறைய 10 கிலோமீட்டர். முதல் பாதி இரண்டு ஏரிகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் நிலத்தின் மேல் போகிறது. வலப்பக்கம் பெரிய ஏரியான லாக் லேன், இடப்பக்கம் மக்ராஸ். மரங்கள் விலகும் இடங்களில் ஏதாவது ஒரு பக்கம் தண்ணீர் தெரியும். பிரிக்கீன் பாலம் வந்ததும் இரண்டும் ஒருசேரத் தெரியும். சிறிய கல் வளைவுப் பாலம் அது; அடியில் ஓர் ஏரி இன்னோர் ஏரியைத் தொடுகிறது. அங்கே நின்றுவிடுங்கள். கைக்கடிகாரத்தை நிறுத்தக்கூட வேண்டாம், அந்த ஒரு நிமிடமும் ஓட்டத்தில் சேர்ந்ததுதான். அதைத் தாண்டினால் டினிஸ் குடில். அருகிலேயே மூன்று ஏரிகளின் நீரும் கூடுகிற துறை. மூன்றாவதான மேல் ஏரியின் நீர் பழைய கல் பாலத்தின் அடியில் சுழித்துக்கொண்டு அங்கே வந்து சேர்கிறது. பிறகு சாலை, டார்க் அருவி, மாளிகை. அருவி சுமார் 20 மீட்டர் உயரம். முந்தின இரவு மழை பெய்திருந்தால் பார்ப்பதற்கு முன்பே அதன் இரைச்சல் கேட்டுவிடும்.

கேள்வி: எல்லோரும் இடப்புறமாகவே சுற்றச் சொல்கிறார்களே, எதிர்த்திசையில் ஓடினால் என்ன?

பதில்: சைக்கிள்களுக்கு அந்தச் சுற்று ஒருவழி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. நீங்கள் மாறி ஓடினால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு சைக்கிள் உங்கள் முகத்துக்கு நேரே வரும். மரங்கள் அடர்ந்த வளைவுகளில் இது ஆபத்து.

இதைவிடக் கவனிக்க வேண்டியது டினிஸுக்குப் பிறகு வரும் என்71 சாலை. கில்லார்னியையும் கென்மேரையும் இணைக்கிற அந்தச் சாலை குறுகலானது, பாறைக்கும் மதிலுக்கும் இடையில் வளைந்து வளைந்து போவது. கெர்ரி வளையம் என்னும் சுற்றுச்சாலையில் வரும் சுற்றுலாப் பேருந்துகள் பிற்பகலில் மலையிறங்கி அதே சாலையில்தான் கில்லார்னிக்குத் திரும்பும். அதனால் காலை ஒன்பது மணிக்குள் அந்தப் பகுதியைக் கடந்துவிடும்படி ஓட்டத்தைத் தொடங்குங்கள். ஓரமாகக் காட்டுப் பாதை கிடைக்கும் இடங்களில் அதில் ஓடுங்கள். கிடைக்காத இடங்களில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓடுங்கள். காதில் பாட்டு வேண்டாம்.

கேள்வி: வழியில் ஓரிடத்தில் காடு திடீரென்று இருட்டிவிட்டது, தரையெல்லாம் பச்சைப் பாசி. அது என்ன காடு?

பதில்: ரீனடினா. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அது யூ என்னும் பசுமை மாறா ஊசியிலை மரத்தின் காடு. யூ மரங்கள் மட்டுமே சேர்ந்து இப்படி ஒரு காடாக நிற்பது ஐரோப்பா முழுவதிலும் மிக அரிது. இது சுமார் 25 ஹெக்டேர். ஏரியின் வடகரை சுண்ணாம்புக்கல், தென்கரை மணற்கல் மலை. இரண்டு வகைப் பாறைகளும் இந்த ஏரியில்தான் சந்திக்கின்றன. சுண்ணாம்புப் பாறையின் மேல் மண் ஒரு விரல்கடை அளவுகூட இல்லாத இடங்களில் யூ மரம் வேரைப் பாறை மேலேயே படரவிட்டு, வெடிப்பு கிடைத்த இடத்தில் உள்ளே இறக்கிக்கொள்கிறது. இலை அடர்த்தியால் கீழே வெளிச்சம் விழுவதில்லை. எனவே புல்லோ செடியோ அதிகம் வளராது, பாசி மட்டும் பாறையையும் வேரையும் ஒன்றாகப் போர்த்திவிடுகிறது.

அங்கே காலடிச் சத்தம்கூட அமுங்கிவிடும். தார்ப் பாதையை விட்டு உள்ளே இறங்காதீர்கள். அந்தப் பாசியில் ஒரு மிதி பட்டால் ஆறுவதற்கு வெகுகாலம் ஆகும். குழந்தைகள் உடன் வந்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: யூ மரத்தின் இலையும் விதையும் கடும் நஞ்சு.

கேள்வி: மான்கள் பாதையில் வருமாமே, பயப்பட வேண்டுமா?

பதில்: பயம் வேண்டாம், மரியாதை வேண்டும். இவை செம்மான்கள், அயர்லாந்துக்கே உரிய பழைய மந்தை இங்கேதான் எஞ்சியிருக்கிறது. செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முழுவதும் இணை சேரும் காலம். அப்போது கலைமான்கள், அதாவது ஆண் செம்மான்கள், எழுப்பும் உறுமல் அதிகாலை மூடுபனியில் மலைமுழுக்க எதிரொலிக்கும். அந்த நாட்களில் கலைமானைக் கண்டால் குறைந்தது 50 மீட்டராவது விலகி நில்லுங்கள். அதற்கும் பெண்மான்களுக்கும் நடுவே ஓடிப் போகாதீர்கள். ஜூன் மாதத்தில் புதரில் தனியே படுத்திருக்கும் குட்டியைத் தொடவே கூடாது. தாய் அதைக் கைவிடவில்லை, மறைத்து வைத்துவிட்டு மேயப் போயிருக்கிறது.

குதிரை வண்டிகளும் உண்டு. ஓட்டுபவர்களை இங்கே ஜார்வி என்பார்கள். பின்னாலிருந்து சத்தமில்லாமல் குதிரையை நெருங்காதீர்கள். தூரத்திலிருந்தே குரல் கொடுங்கள். ஜார்வி கையைத் தூக்கினால் தாண்டிப் போகலாம்.

கேள்வி: அரை மாரத்தானுக்குத் தயாராகிறேன். தூரத்தைக் கூட்ட வழி உண்டா?

பதில்: கில்லார்னி ஊரிலிருந்தே ஓடுங்கள். மாளிகை வரை ஐந்தரை கிலோமீட்டர் அளவில் வரும். போகவர அதுவும் ஏரிச் சுற்றும் சேர்ந்தால் அரை மாரத்தான் தூரம் ஏறக்குறைய கைக்கு வந்துவிடும்.

கேள்வி: லாக் லேனை முழுதாகச் சுற்றலாமா?

பதில்: ஏரியை ஒட்டி முழுச் சுற்றுப் பாதை கிடையாது, வண்டிச் சாலைகளில் ஓட நேரும். நான் சொல்லமாட்டேன். அதற்குப் பதில் அதன் கரையிலுள்ள ராஸ் கோட்டையிலிருந்து ராஸ் தீவுப் பாதையில் ஓடுங்கள். நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே செம்பு வெட்டிய சுரங்கக் குழிகள் அங்கே தண்ணீர் நிறைந்து கிடக்கின்றன.

கேள்வி: சகோதரி, எனக்கு வயது 61. மூன்று நான்கு கிலோமீட்டர் மெதுவாக ஓடி, கொஞ்சம் நடப்பேன். எனக்கும் ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: ஐயா, மாளிகையிலிருந்து மக்ராஸ் மடாலயம் வரை போய்த் திரும்புங்கள். பெரிய ஏற்றம் கிடையாது. 1448-இல் எழுந்த பிரான்சிஸ்கன் சபைத் துறவியரின் மடம் அது, இப்போது கூரையில்லாமல் நிற்கிறது. உள்முற்றத்தின் நடுவில் ஒரு பெரிய யூ மரம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

பதில்: இந்தப் பாதைகள் இருக்கிற கில்லார்னி தேசியப் பூங்காவுக்குக் கட்டணம் இல்லை. மாளிகைக்குள் போனால்தான் டிக்கெட். ஒரு கலிபோர்னியச் செல்வந்தர் தம் மகள் மாட் திருமணமானபோது இந்த மாளிகையையும் நிலத்தையும் வாங்கிக் கொடுத்தார். மாட் 1929-இல் இறந்துபோனார். 1932-இல் பெற்றோரும் கணவரும் அவர் நினைவாக அனைத்தையும் நாட்டுக்கே கொடுத்துவிட்டார்கள். அயர்லாந்தின் முதல் தேசியப் பூங்கா அப்படித்தான் பிறந்தது.

கேள்வி: கார்க்கில் படிக்கிறேன் அக்கா. குளிர்காலத்தில் தனியாக ஓட வரலாமா? பூச்சித் தொல்லையும் இருக்கிறதாமே?

பதில்: வரலாம், வெளிச்சத்தைக் கணக்கிட்டு வாருங்கள். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரிலோ காலை எட்டே முக்காலுக்குத்தான் விடியும், மாலை நாலரைக்குள் இருட்டிவிடும். நான் டிசம்பரில் பத்து மணிக்கு முன் கிளம்புவதில்லை. எங்கே ஓடுகிறேன், எப்போது திரும்புவேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டே போவேன். அவசர எண் 112. அட்லாண்டிக் காற்று எந்த நேரமும் மழையைக் கொண்டுவரும், அதனால் பருத்திச் சட்டை வேண்டாம். நனைந்தால் உடம்போடு ஒட்டிக் குளிரும். ஈர இலைகள் கிடக்கும் பாலங்களில் வேகத்தைக் குறையுங்கள். பிரிக்கீனில் ஒரு நவம்பரில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு வீங்கி மூன்று வாரம் ஓடாமல் இருந்தேன்.

பூச்சித் தொல்லை கோடையில்தான். காற்றில்லாத மாலையில் மிட்ஜ் என்னும் கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள பூச்சிகள் கூட்டமாகக் கடிக்கும். ஓடும்வரை பிடிக்காது, நின்றால் பிடித்துக்கொள்ளும். அதைவிட உண்ணிதான் கவனிக்க வேண்டியது. சில உண்ணிகளால் லைம் என்னும் பாக்டீரியா நோய் பரவும். பெரணிப் புதர்களில் உரசி வந்தால் குளிக்கும்போது முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பாருங்கள். கடித்திருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். எண்ணெய் தடவுவதும் நெருப்பால் சுடுவதும் கூடாது. பிறகு வரும் வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவந்த வளையம் பரவினால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.