முன்னாள் மாணவர் எப்போது முன்னாள் ஆகிறார்?

கேள்வி: நான் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். வயது 36. முதுகலையில் இரண்டு செமஸ்டர் என்னிடம் படித்த ஒருவர், இறுதியாண்டு புராஜெக்டையும் என்னிடம்தான் செய்தார். பட்டம் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. இப்போது வெளியே வேலை பார்க்கிறார், வயது 25. சில வாரங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இருவருக்கும் விருப்பம் இருப்பது தெரிகிறது. பாடம் எடுத்த காலத்தில் அப்படி எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு அவர் பி.எச்டி.க்கு விண்ணப்பிக்கப் போகிறார். எங்கள் துறையும் அவர் யோசனையில் இருக்கிறது. புராஜெக்டிலிருந்து எழுதத் தொடங்கிய கட்டுரை ஒன்று பாதியில் நிற்கிறது. இனி அவர் என் மாணவர் இல்லை என்பதால் பழகுவதில் தவறு உண்டா?

பதில்: அவர் உங்கள் மாணவர் இல்லை என்பது பதிவேட்டின்படி சரி. ஆனால் நீங்கள் கடைசியாகச் சொன்ன இரண்டு விவரங்கள் அந்த வாதத்தை உடைத்துவிடுகின்றன. பி.எச்டி. விண்ணப்பத்துக்கு உங்கள் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கட்டுரை வெளிவர உங்கள் உழைப்பும் சம்மதமும் வேண்டும். உங்கள் துறைக்கே விண்ணப்பித்தால் தேர்வுக் குழுவில் நீங்களோ, தினமும் உங்களோடு சாப்பிடுகிறவரோ இருப்பார். மாணவர் பட்டியலிலிருந்து அவர் பெயர் போய்விட்டது, அவருடைய அடுத்த ஐந்தாண்டு இன்னும் உங்கள் கையெழுத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. ஆகவே இன்றைய நிலையில் வேண்டாம். என்றைக்குமே கூடாது என்று சொல்லவில்லை. எதையெல்லாம் முடித்துவைத்த பிறகு கூடும் என்பதுதான் விஷயம்.

'முன்னாள்' என்பதைப் பட்டமளிப்பு நாளை வைத்துக் கணக்கிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. ஆய்வு உலகம் தன் சொந்தக் கணக்கில் அப்படிச் செய்வதில்லை. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதி விண்ணப்பங்களை மதிப்பிட ஆள் தேடும்போது, விண்ணப்பித்தவருக்கு வேண்டியவர்களை விலக்குவதற்காக அவரிடமே ஒரு பெயர்ப் பட்டியல் வாங்குகிறது. சேர்ந்து கட்டுரை எழுதியவர்கள் அதில் 48 மாதத்துக்குத்தான் இடம்பெற வேண்டும். விண்ணப்பித்தவரின் பி.எச்டி. நெறியாளரும், விண்ணப்பித்தவரை நெறியாளராகக் கொண்டு பட்டம் பெற்றவர்களும் இடம்பெறக் காலவரம்பே இல்லை. முப்பது ஆண்டு கழிந்தாலும் பெயரைப் போட்டாக வேண்டும். காதல் எதுவும் இல்லாத வெறும் கல்வி உறவுக்கே இந்த எச்சரிக்கை. உங்களுடையது முதுகலை உறவுதான், அவ்வளவு இறுக்கமானதல்ல. ஆனாலும் புராஜெக்ட் வழிகாட்டி என்பவர் இருநூறு பேருக்குப் பாடம் நடத்திய ஆசிரியரைப் போன்றவர் அல்ல.

பரிந்துரைக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. மதிப்பெண் ஒருமுறை போட்டால் முடிந்தது. கடிதம் முடிவதே இல்லை. பி.எச்டி.க்கு ஒன்று, உதவித்தொகைக்கு ஒன்று, பிறகு வேலைக்கு ஒன்று என்று தேவை வந்துகொண்டே இருக்கும். புராஜெக்ட் வழிகாட்டியிடமிருந்து கடிதம் வரவில்லை என்றால் "ஏன் வரவில்லை?" என்ற கேள்வி தேர்வுக் குழுவில் தானாக எழும். அதனால் அவர் உங்களைத் தவிர்ப்பது எளிதல்ல. இனி நீங்கள் இருவரும் பழகத் தொடங்கிய பிறகு அந்தக் கடிதத்தை எழுதினால் என்ன ஆகும்? பாராட்டி எழுதினால், உறவு வெளியே தெரியும் நாளில் அந்தப் பாராட்டு முழுவதும் செல்லாக்காசு. அடக்கி எழுதினால் அவருக்கு அநியாயம். எழுத மறுத்தால் காரணம் சொல்ல வேண்டிவரும். மூன்று வழியிலும் அடி அவருக்குத்தான். உறவு முறிந்துபோனாலோ, அவர் தன் வாழ்க்கைக்கான கடிதத்தைத் தன்னோடு மனத்தாங்கல் உள்ள ஒருவரிடம் கேட்டு நிற்க வேண்டும். இந்த நிலையை மனத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் உங்களிடம் 'சரி' என்று சொன்னால், அந்தச் 'சரி' முழுச் சம்மதம்தானா என்று உங்களாலும் சொல்ல முடியாது, அவராலும் சொல்ல முடியாது.

எத்தனை நாள் காத்திருந்தால் போதும் என்று நீங்கள் கேட்கக்கூடும். எல்லாருக்கும் பொருந்தும் ஓர் எண் இல்லை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை, உளவியல் சிகிச்சையாளர் தம்மிடம் சிகிச்சை பெற்றவரோடு பாலுறவு வைக்கக் குறைந்தது 2 ஆண்டு தடை விதிக்கிறது. 2 ஆண்டு முடிந்ததும் தடை தானாக நீங்கிவிடுவதில்லை. சுரண்டல் எதுவும் இல்லை என்று காட்டும் பொறுப்பு சிகிச்சையாளரின் தலையில்தான் விழுகிறது. அப்போது பார்க்கப்படுவனவற்றில் ஒன்று, 'பிறகு பார்க்கலாம்' என்ற குறிப்பைச் சிகிச்சைக் காலத்திலேயே அவர் கொடுத்தாரா என்பது. ஆசிரியர் சிகிச்சையாளர் அல்ல. எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். புராஜெக்ட் காலத்து மெயில்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் ஓரிடத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து படியுங்கள். இரவு பதினொன்றுக்குப் போன செய்திகள் எத்தனை? மற்ற மாணவர்களுக்கு அப்படிப் போனதா? கெடு நீட்டித்தது, கருத்தரங்குக்கு அனுப்பியது, ஆய்வகச் சாவி கொடுத்தது எல்லாம் எல்லாருக்கும் ஒரே அளவில் நடந்ததா? "அப்போது எதுவும் இல்லை" என்று நீங்கள் சொல்வதை, உங்களைத் தெரியாத ஒருவர் இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு ஒப்புக்கொள்வாரா? தயக்கம் வந்தால் விதை அப்போதே விழுந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் விஷயம் முன்னாள் மாணவர் என்பதைத் தாண்டி, மாணவராக இருந்தபோது நடந்ததாக மாறிவிடும்.

இதே காரணத்தால் அந்தச் செய்திகளையும், விடைத்தாள், புராஜெக்ட் மதிப்பீட்டுப் படிவம், புறத்தேர்வாளர் போட்ட மதிப்பெண் ஆகியவற்றையும் அழிக்காதீர்கள். அவர் நேர்மையாகப் பெற்ற மதிப்பெண்ணை நாளை யாராவது சந்தேகித்தால் அவருக்குத் துணை நிற்பது அந்தத் தாள்கள்தான். உடன் படித்தவர்கள் பழைய மதிப்பெண்களைப் புதுக் கண்ணால் பார்ப்பார்கள், அதைத் தடுக்க முடியாது. 'அதனால்தான் அவ்வளவு மதிப்பெண்' என்ற ஒரே பேச்சில் இரண்டாண்டு உழைப்பு அவரிடமிருந்து பறிபோகும். பேராசிரியருக்கு அவப்பெயர் வரும், வேலை பெரும்பாலும் தங்கிவிடும். மாணவருக்கோ அவர் சாதித்தது முழுவதும் கேள்விக்குள்ளாகிறது. நீங்கள் ஆணா பெண்ணா, அவர் ஆணா பெண்ணா என்பதால் இதில் எதுவும் மாறாது.

உங்கள் பல்கலைக்கழகத்தின் விதியை எடுத்துப் படிக்காமல் ஓர் அடியும் வைக்காதீர்கள். விதிகள் ஓரிடத்தில் இருப்பதுபோல் இன்னோரிடத்தில் இல்லை. ஹார்வர்டின் கலை அறிவியல் புலம் 2015இல் ஆசிரியர்களுக்கும் இளநிலை மாணவர்களுக்கும் இடையிலான காதல் உறவை முழுவதுமாகத் தடை செய்தது. ஆக்ஸ்ஃபோர்டு 2023இல், எந்த மாணவருக்குப் பொறுப்பில் இருக்கிறாரோ அந்த மாணவரோடு ஊழியர் நெருங்கிய உறவு வைக்கத் தடை கொண்டுவந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2003இல் வகுத்த விதி உங்களுக்கு மிக நெருக்கமானது. இன்று பொறுப்பில் உள்ள மாணவர் மட்டுமல்ல, எதிர்காலத்தில் உங்கள் கல்விப் பொறுப்பில் வரக்கூடும் என்று நியாயமாக எதிர்பார்க்கத்தக்க மாணவரும் அதில் அடக்கம். உங்கள் துறையில் பி.எச்டி. சேரப் போகும் ஒருவர் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் நிற்கிறார். உங்கள் விதிப்புத்தகத்தில் 'மாணவர்' என்ற சொல்லுக்கு என்ன விளக்கம் இருக்கிறது என்று பாருங்கள். விண்ணப்பதாரர், சேர்க்கை உறுதியானவர், படிப்பை இடைநிறுத்தியவர் ஆகியோரையும் அது சேர்த்துக்கொள்ளலாம். தனிவிதியே இல்லாத இடத்திலும் நலன் முரணை, அதாவது சொந்த உறவும் பணிப் பொறுப்பும் மோதும் நிலையை, அறிவிக்கும் விதி, பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதி ஆகிய இரண்டும் பெரும்பாலும் இருக்கும். இரண்டும் உங்களைக் கட்டுப்படுத்தும்.

இனி செய்ய வேண்டியவை. வரிசை முக்கியம், ஏனென்றால் இவற்றை உறவு தொடங்கிய பிறகு செய்தால் பாதிப் பயன்கூட இருக்காது.

முதலில் கட்டுரை. அவர் பங்கு என்ன, உங்கள் பங்கு என்ன, ஆசிரியர் பெயர் வரிசை என்ன, யார் எதை எந்தத் தேதிக்குள் முடிப்பது என்று ஒரே மெயிலில் எழுதி, துறையில் நம்பகமான மூன்றாமவர் ஒருவரையும் சேர்த்து அனுப்புங்கள். கட்டுரையின் ஒரு பகுதியை இன்னொரு சக ஆசிரியர் செய்திருந்தால் தொடர்பாசிரியர் (இதழோடு தொடர்புகொள்ளும் ஆசிரியர்) பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. தரவும் நிரல்களும் அவர் கைக்கு முழுமையாகப் போய்ச் சேரட்டும். உறவு அமையாவிட்டாலும் முறிந்தாலும் கட்டுரை நிற்காது என்பது அவருக்கு எழுத்தில் தெரிய வேண்டும். இதழ்களுக்கு அவருடைய தனிக் கட்டுரைகளை மதிப்பிடும் வேலை உங்களிடம் வந்தால், இன்றிலிருந்தே 'நலன் முரண்' என்று குறிப்பிட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்து கடிதம். உங்களுக்கு மாற்றாக இரண்டு பேர் வேண்டும். புராஜெக்டின் புறத்தேர்வாளர், இரண்டாம் மதிப்பீட்டாளர், அவர் வேலையை நன்றாக அறிந்த வேறு ஆசிரியர், இப்போதைய அலுவலகத்தின் மேலாளர் ஆகியோரில் யார் பொருந்துவார்கள் என்று அவர் தேர்ந்தெடுக்கட்டும். அந்த வேலையை அவர் தலையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். புராஜெக்ட் அறிக்கை, மதிப்பீட்டுப் படிவம், கருத்தரங்கில் பேசிய விவரம் எல்லாவற்றையும் ஒரு கோப்பாகத் தொகுத்து, அவர் யாரிடம் கொடுக்க விரும்புகிறாரோ அவருக்குப் போகும்படி செய்யுங்கள். வழிகாட்டியின் கடிதம் ஏன் இல்லை என்ற கேள்வி வந்தால், 'தனிப்பட்ட நலன் முரண் காரணமாக வழிகாட்டி விலகிக்கொண்டார்' என்று துறைத் தலைவரின் ஒரு வரி போதும். அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் கடமைப்பட்டதல்ல. உங்கள் பெயரில் ஏற்கெனவே கடிதம் போயிருந்தால், அதன் தேதியைக் குறித்துவைத்து, இனி புதுப்பிக்க மாட்டேன் என்பதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, உங்கள் துறைக்கு விண்ணப்பிப்பது. இங்கே ஒரு தவறான யோசனை எளிதில் தோன்றும்: "நீ வேறு பல்கலைக்கழகம் பார், நாம் பழகலாம்." இதை நீங்கள் சொல்லக் கூடாது. அவருக்கு உகந்த நெறியாளரோ ஆய்வகமோ உங்கள் துறையில் இருக்கலாம். உங்களுக்காக அவர் வாய்ப்பைச் சுருக்கிக்கொள்வது, அதிகாரம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது என்பதற்குச் சான்று. அவர் தாமாக உங்கள் துறையைத் தேர்ந்தெடுத்தால் விலக வேண்டியவர் நீங்கள். சேர்க்கை முடியும்வரையிலும், அவர் சேர்ந்தால் பட்டம் முடியும்வரையிலும் உறவு வேண்டாம் என்பதே என் கருத்து. விதி அனுமதித்தாலும் அதேதான் சொல்வேன். ஒரே துறைக்குள் முழுதாக விலகி நிற்பது காகிதத்தில்தான் நடக்கும். அவருடைய ஆய்வைக் கண்காணிக்கும் டாக்டரல் கமிட்டியில் நீங்கள் இல்லாவிட்டாலும் அதில் இருப்பவர்கள் உங்கள் நண்பர்கள். உதவித்தொகை நீட்டிப்பு, ஆய்வக இடம், கற்பித்தல் பணி ஒதுக்கீடு, வைவா (வாய்மொழித் தேர்வு) தேதி என்று துறையில் முடிவாகும் ஒவ்வொன்றிலும் 'அவருக்கு வேண்டியவர்' என்ற நினைப்பு சாதகமாகவோ பாதகமாகவோ கலந்துவிடும். அவர் வேறிடம் தேர்ந்தெடுத்தால், அல்லது பி.எச்டி. எண்ணத்தையே தம் காரணத்துக்காக விட்டால், வழி திறக்கிறது.

வழி திறந்த பிறகும் முதல் அடி உங்களுடையதாக இருக்க வேண்டாம். கட்டுரைக்கும் கடிதத்துக்கும் ஏற்பாடு முடிந்தது, எந்த முடிவெடுத்தாலும் அது மாறாது என்று எழுத்தில் சொல்லிவிட்டு, குறைந்தது சில மாதம் பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் எதிர்பார்ப்பு எதுவும் இல்லாத நிலையில் அவராக வந்து பேசினால் அந்த விருப்பத்துக்கு மதிப்பு உண்டு. பேச்சு தேய்ந்து நின்றுவிட்டால், இத்தனை நாள் பேசியதில் நன்றியும் தயக்கமும் எவ்வளவு கலந்திருந்தன என்பது தெரிந்துவிடும். அப்போது ஏன் என்று கேட்டுப் பின்தொடர வேண்டாம்.

உறவு தொடங்கினால் அந்த வாரமே துறைத் தலைவருக்கோ, விதி குறிப்பிடும் அலுவலருக்கோ எழுத்தில் அறிவியுங்கள். நீளமாக வேண்டாம்: 'இன்னார் இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை என்னிடம் படித்தார். இப்போது எங்களுக்குள் தனிப்பட்ட உறவு உள்ளது. அவருடைய சேர்க்கை, மதிப்பீடு, பரிந்துரை, நிதி, பணி நியமனம் ஆகியவற்றில் நான் பங்கேற்க மாட்டேன். அவர் கோப்புகள் என்னிடம் வரக்கூடாது எனக் கேட்டுக்கொள்கிறேன்.' அனுப்பும் முன் வரைவை அவரிடம் காட்டி, பெயர் போடச் சம்மதம் வாங்குங்கள். விலகுவது என்றால் கூட்டம் நடக்கும்போது அறையை விட்டு எழுந்து போவது மட்டுமல்ல. கோப்பைப் பார்க்காமலிருப்பது, குறும்பட்டியல் பற்றி விசாரிக்காமலிருப்பது, தேநீர் நேரத்தில் அவர் பேச்சு வந்தால் வாய் திறக்காமலிருப்பது எல்லாம் அதில் சேரும்.

மற்ற சூழல்களுக்கு இத்தனை கெடுபிடி வேண்டாம். பத்தாண்டுக்கு முன் பெரிய வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒருவரை, வேறு துறையில் காலூன்றிய பிறகு தற்செயலாகச் சந்தித்தால், விதியைப் பார்த்துக்கொண்டு இயல்பாகப் பழகலாம். எதிர்முனையில், பதினெட்டு வயதுக்குள் பள்ளியில் உங்களிடம் படித்தவர் என்றால் 'பதினெட்டு முடிந்துவிட்டது' என்ற கணக்கை ஏற்கவே முடியாது. அங்கே நெருக்கம் வளர்ந்த காலமே குற்றத்தின் காலமாக இருக்கக்கூடும்.

உங்கள் விஷயத்தில் இந்த வாரம் செய்ய வேண்டியவை இரண்டு: விதிப்புத்தகத்தைப் படிப்பது, கட்டுரை மெயிலை அனுப்புவது. அவரிடம் இதைப் பேசும்போது, "உன் விண்ணப்ப முடிவை எனக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை, நீ எடுத்த பிறகு தெரிந்தால் போதும்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.