ஓடும் வண்டி பாதியில் ஆஃப் ஆகிறதா? முதலில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்

கேள்வி: நான் ராயக்கோட்டை பக்கம். எங்கள் பிக்கப் 2009 மாடல் டீசல் வண்டி, கம்ப்யூட்டர் இல்லாத பழைய ரக பம்ப். வாரத்தில் நான்கு நாள் தக்காளி ஏற்றிக்கொண்டு பாலக்கோடு, தருமபுரி வழியாகச் சேலம் போகிறேன். இரண்டு மாதமாக, முப்பது நாற்பது கிலோமீட்டர் போனதும் வண்டி இழுக்காமல் குலுங்கிக் குலுங்கி ஆஃப் ஆகிறது. கால் மணி நேரம் விட்டால் ஸ்டார்ட் ஆகிறது. கொஞ்ச தூரம் போனால் மறுபடியும் அதேதான். டீசல் ஃபில்டரை இரண்டு தடவை மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு காலையில் ஸ்டார்ட் ஆகவும் அடம் பிடிக்கிறது. பம்பைக் கழற்றி வேலை செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். தொலைந்துபோன டேங்க் மூடிக்கு வேறு மூடி வாங்கிப் போட்டதைத் தவிர டேங்க் பக்கம் யாரும் கை வைக்கவில்லை. என்ன செய்வது?

பதில்: தம்பி, பம்பைக் கழற்ற இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். பம்ப்தான் கெட்டுப்போனது என்று உறுதியாகச் சொல்கிற அடையாளம் எதுவும் நீங்கள் எழுதியதில் இல்லை. உங்கள் வண்டிக்கு டீசல் போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பதை நீங்களே, ரோட்டோரத்திலேயே, பெரும்பாலும் செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். நீங்கள் போகிற வழியில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. சேலம் போகும்போது அது உங்களுக்கு இறக்கம். முதல் தடவை தருமபுரிக்கு முன்னால் நின்று, திரும்ப எடுத்துக்கொண்டு போனால், அடுத்த தடவை நிற்கும் இடம் அந்த இறக்கமாகவே இருக்கலாம். அதனால் இந்தக் கோளாறு தீரும்வரை அந்தப் பக்கம் லோடு எடுக்காதீர்கள், வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரு லோடு வாடகை போனாலும் பரவாயில்லை. எந்த ரோட்டிலும் ஓடும்போது எஞ்சின் நின்றால் பதறி கிளட்சை மிதிக்காதீர்கள். கியரிலேயே விடுங்கள். சக்கரம் எஞ்சினைச் சுற்றிக்கொண்டே இருக்கும், வேகமும் தானாகக் குறையும், பிரேக் பூஸ்டருக்கு வேக்யூம் கிடைக்கும், பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் வேலை செய்யும். கிளட்சை மிதித்தாலோ நியூட்ரலில் போட்டாலோ இதெல்லாம் ஒன்றாகப் போய்விடும். பூஸ்டரில் மிச்சம் இருப்பது ஒன்றிரண்டு மிதிக்குத்தான். அதனால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து ஓரம் கட்டுங்கள். சாவியை லாக் வரைக்கும் திருப்பிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். நின்றதும் ஹசார்டு லைட், பின்சக்கரத்துக்குக் கல் முட்டு. தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033-க்கு அழைத்தால் உதவி வரும்.

சரி, இனி வண்டிக்கு வருவோம். ஓடும் டீசல் வண்டி ஆஃப் ஆகிறது என்று யார் வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, எப்படி ஆஃப் ஆனது என்பதுதான். சாவியைத் திருப்பி நிறுத்தியது போலப் பட்டென்று நின்றதா, இல்லை மூச்சு வாங்கி, இழுவை குறைந்து, குலுங்கி நின்றதா? பட்டென்று நின்றால் கரண்ட் பக்கம் பார்க்க வேண்டும். குலுங்கி நின்றால் டீசல் பக்கம். பாதி வேலை இந்த ஒரு பதிலில் முடிந்துவிடும். நான் கேட்காமலே, குலுங்கி நின்றது என்று நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்தது கடைசி வரியைத்தான். வேறு மூடி போட்டிருக்கிறீர்கள். டேங்கிலிருந்து டீசல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியிலோ, டேங்கின் மேலே ஒரு சின்னக் குழாயிலோ துவாரம் வைத்திருப்பார்கள். துவாரம் இல்லாத மூடியை மாட்டினாலோ, இருக்கும் துவாரத்தில் செம்மண் புழுதி அடைத்தாலோ, டேங்குக்குள் வெறுமை உண்டாகி டீசலை விடாமல் பிடித்துக்கொள்ளும். பம்ப் எவ்வளவு இழுத்தாலும் வராது. மூடி லூசாக இருக்கிறது, டீசல் சிந்துகிறது என்று பாலிதீன் கவரை வைத்து இறுக்கி மூடுகிறவர்களும் உண்டு. அதுவும் இதே பலனைத்தான் தரும். லோடு வண்டி லிட்டருக்கு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று வைத்தால், முப்பது நாற்பது கிலோமீட்டரில் மூன்று நான்கு லிட்டர் போயிருக்கும். அந்த மூன்று லிட்டர் காலியிடத்துக்குக் காற்று வரவில்லை என்றால் வண்டி நிற்கத்தான் செய்யும். கால் மணி நேரத்தில் எங்கேயாவது இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போகும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும். நீங்கள் சொல்கிற கணக்கும் இதுவும் அப்படியே பொருந்துகின்றன.

இதைச் சோதிப்பது சுலபம். அடுத்த தடவை வண்டி நின்றதும் பானெட்டைத் திறக்காதீர்கள். நேராக டேங்குக்குப் போய், காதைப் பக்கத்தில் வைத்து, மூடியை மெதுவாகத் திறங்கள். ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டால், உடனே செல்ஃப் அடித்துப் பாருங்கள். கால் மணி நேரம் காத்திருக்காமல் ஸ்டார்ட் ஆனால் மூடிதான் காரணம். உங்கள் மாடலுக்கு உரிய, துவாரம் வைத்த மூடியை வாங்கிப் போடுங்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். டேங்க் நிறைய டீசல் போட்ட அன்றைக்கு வண்டி சீக்கிரம் நிற்கிறதா, டீசல் குறைவாக இருக்கும்போது சீக்கிரம் நிற்கிறதா? நிறைய இருக்கும்போது மேலே காற்றுக்கு இடம் கொஞ்சம்தான். அதில் மூன்று லிட்டர் குறைந்தாலே வெறுமை கடுமையாகிவிடும். ஆகவே நிறை டேங்கில் சீக்கிரம் நின்றால் மூடியின் மேல் சந்தேகம் வலுக்கும். டீசல் குறைவாக இருக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது நின்றால் கோளாறு டேங்குக்கு உள்ளே: உறிஞ்சு குழாயில் வெடிப்பு, இல்லாவிட்டால் அடியில் சேர்ந்த கசடு. ஐந்நூறு ரூபாய்க்கு டீசல் போட்டுக்கொண்டு ஓட்டும் பழக்கம் இருந்தால் கசடு வேகமாக உறிஞ்சு குழாயின் முனையில் இருக்கும் வலைக்கு வந்து சேரும்.

உள்ளே இருக்கும் குப்பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதுவும் கால் மணி நேரக் கோளாறுதான். சில வருடங்களுக்கு முன் மாங்காய் சீசனில் காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு பிக்கப் என்னிடம் வந்தது. வேறு இடத்தில் நாசில் வேலை, பம்ப் வேலை இரண்டும் முடித்திருந்தார்கள். அப்புறமும் வண்டி நின்றது. டேங்கை இறக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். டீசலுக்குள் ஏதோ ஒன்று வெள்ளையாக மெதுவாகத் திரும்பியது. கம்பியை வளைத்து எடுத்தால், கத்தரித்த பால் பாக்கெட்டின் ஒரு மூலை, கட்டைவிரல் அகலம்கூட இல்லை. வண்டி ஓடும்போது டீசலோடு சேர்ந்து அது உறிஞ்சு குழாயின் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் இழுப்பு விட்டுப் போகும், துண்டு கழன்று விலகிப் போய்விடும். ஓட்டுநர் டீ குடித்துவிட்டு வந்தால் வண்டி ஒன்றும் தெரியாதது போல ஸ்டார்ட் ஆகும். அந்தக் குடும்பம் இரண்டு வேலைக்கும் கடன் வாங்கிச் செலவு செய்திருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை. உங்களிடம் பம்பைத் தொடாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

மூடியைத் திறந்தபோது சத்தம் வரவில்லை என்றால் இந்த வலையைச் சந்தேகிக்கலாம். டேங்கிலிருந்து வரும் ஓஸை எஞ்சின் பக்கம் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, அந்த ஓஸ் வழியாக டேங்கை நோக்கி மிதமாகக் காற்று அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே குமிழி விடுகிற சத்தம் கேட்க வேண்டும். காற்று அடித்த பிறகு நான்கு நாள் நன்றாக ஓடி மறுபடி நின்றால், டேங்கை இறக்கிக் கழுவாமல் தீராது.

இப்போது ஃபில்டர். மாற்றிய பிறகுதான் காலை ஸ்டார்ட்டிங் கெட்டது என்கிறீர்கள். இது தனிக் கோளாறு, மாற்றும்போது வந்து சேர்ந்தது என்று நினைக்கிறேன். ஃபில்டரில் ஓஸ் வந்து சேரும் பேஞ்சோ போல்ட்டின் (டீசல் போக உள்ளே துளை வைத்த போல்ட்) இரண்டு பக்கமும் காப்பர் வாஷர் இருக்கும். ஒரு தடவை நசுங்கிய வாஷரைத் திரும்பப் போட்டால் சரியாகப் படியாது. டேங்கிலிருந்து பம்ப் வரை டீசல் உறிஞ்சப்படுவதால், ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசிவதைவிடக் காற்றுதான் உள்ளே போகும். வெளியே ஈரம்கூடத் தெரியாது. அதனால்தான் பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள். இரவு முழுக்கக் காற்று ஏறி, டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் செல்ஃப் அடித்து அடித்து பேட்டரிதான் தீரும். புது வாஷருக்கு ஆகும் செலவு ஒரு டீ செலவு. கடைக்காரர் ஃபில்டரோடு தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஓஸ் கிளிப்புகளையும் பாருங்கள், ஓஸ் முனை வெடித்திருந்தால் அந்த அளவுக்கு வெட்டிவிட்டு மாட்டுங்கள்.

காற்று எடுக்கிறதா என்று கண்ணால் பார்க்கவும் வழி இருக்கிறது. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு ஜாண் அளவுக்கு டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரிகிற கண்ணாடி ஓஸ் போட்டு, எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். ஓஸ் மாட்டி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிய பிறகு முதல் நிமிடத்தில் வரும் சில குமிழிகளை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் சங்கிலி மாதிரி குமிழி ஓடினால் அந்த ஓஸுக்கு முன்னால், டேங்க் பக்கம் எங்கேயோ ஓட்டை. குமிழி இல்லாமல் ஓஸ் உள்பக்கமாக ஒட்டிச் சுருங்கினால், காற்று இல்லை, அடைப்பு. சோதனை முடிந்ததும் பழையபடி நல்ல ஓஸை மாட்டிவிடுங்கள், கண்ணாடி ஓஸ் சூட்டில் தாங்காது.

வண்டி நின்ற இடத்தில், கையால் டீசல் ஏற்றுவதற்கு இருக்கும் ஹேண்ட் பம்பையும் அமுக்கிப் பாருங்கள். இறுக்கமாக இருக்க வேண்டியது தொளதொளவென்று போய், இருபது முப்பது தடவை அமுக்கிய பிறகு இறுகி, வண்டியும் ஸ்டார்ட் ஆனால், டீசல் வராமல்தான் நின்றது என்பது உறுதி. செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகையே வரவில்லை என்றாலும் அதே அர்த்தம்.

தண்ணீரையும் விட்டுவிடாதீர்கள். ஃபில்டர் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து ஐந்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும், மேலே டீசல் நிற்கும், நடுவில் கோடு தெரியும்.

இதெல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் கேன் சோதனை. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசல் ஊற்றி, பம்ப் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, சைலன்சர் சூடு படாத இடத்தில் உறுதியாகக் கட்டி, டேங்க் ஓஸுக்குப் பதிலாகக் கேனிலிருந்து ஃபில்டருக்கு ஓஸ் கொடுங்கள். ரிட்டர்ன் ஓஸையும் கேனுக்கே விடுங்கள், கேன் மூடியில் காற்றுத் துவாரம் இருக்கட்டும். கேனை கேபினுக்குள் வைக்கவே கூடாது. மெக்கானிக்கைக் கூட வைத்துக்கொண்டு, லோடு இல்லாமல், ஊர் ரோட்டில் மெதுவாக, வழக்கமாக நிற்கிற நேரத்தைத் தாண்டி ஓட்டிப் பாருங்கள். வண்டி நிற்காவிட்டால் கோளாறு டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில். கேனிலும் நின்றால் மட்டும் பம்பைப் பற்றிப் பேசலாம்.

பட்டென்று நிற்கிற வண்டி வைத்திருப்பவர்களுக்காக இதையும் சொல்கிறேன். பழைய ரோட்டரி பம்புகளில் டீசலைத் திறந்து மூடும் ஒரு சாலினாய்டு இருக்கும். அதற்கு 12 வோல்ட் வந்துகொண்டே இருந்தால்தான் எஞ்சின் ஓடும். சாவியை ஆன் செய்தால் பம்பில் ‘டிக்’ என்று சத்தம் கேட்கும். சாலினாய்டுக்குக் கரண்ட் வரும் முனையிலிருந்து ஒரு ஒயர் இழுத்து, டேஷ்போர்டில் சின்ன பல்பு ஒன்றை மாட்டி ஓட்டுங்கள். வண்டி இழுவை விடும் அந்த நொடியில் பல்பும் அணைந்தால் சாவி சுவிட்ச், ஃபியூஸ், ஒயரிங் பக்கம் போங்கள். பல்பு எரிந்துகொண்டே வண்டி நின்றால் சாலினாய்டையும் டீசல் வழியையும் பாருங்கள். கொத்துச் சாவி தொங்கினாலே தேய்ந்த சுவிட்ச், வண்டி குதிக்கும் ரோட்டில் விட்டு விட்டு வேலை செய்யும். கம்ப்யூட்டர் வைத்த காமன் ரெயில் வண்டியாக இருந்தால், எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் சூட்டில் செயலிழந்து, ஆறியதும் வேலை செய்வது வழக்கமான கோளாறு. அதை ஸ்கேனர் உள்ள இடத்தில்தான் பார்க்க வேண்டும்.

டெம்பரேச்சர் முள் ஏறி, எஞ்சின் இறுகி நின்றால் மட்டும் இதில் எதையும் செய்யாதீர்கள், செல்ஃபும் அடிக்காதீர்கள். ஆறவிட்டுக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

அடுத்த ஓட்டத்தை பாலக்கோடு மார்க்கெட் வரைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புது வாஷர் போட்டுக்கொண்டு, டேங்க் நிறைய டீசலோடு கிளம்புங்கள். அங்கேயே இரண்டு மூன்று நடை அடித்தால் வழக்கமாக நிற்கிற தூரம் வந்துவிடும். வண்டி நின்றால், எத்தனை கிலோமீட்டரில் நின்றது, மூடியைத் திறந்தபோது சத்தம் வந்ததா, ஹேண்ட் பம்ப் தொளதொளவென்று போனதா என்று இந்த மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்து எனக்கு எழுதுங்கள். மெக்கானிக்கிடமும் அந்தச் சீட்டைக் காட்டிவிட்டு, அதன் பிறகு ஸ்பேனரை எடுக்கச் சொல்லுங்கள்.