கோல்ஃப் ஆட்டக்காரராக இருந்து டிவி வர்ணனையாளர் ஆனவர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? ஏன்?

கென் வென்டூரி.

பீட்டர் அல்லிஸ், ஜானி மில்லர் என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். நியாயம்தான். அல்லிஸ் பேச்சில் இருந்த குறும்பு வேறு யாருக்கும் வராது. மில்லரோ, ஆட்டக்காரர் பயந்துபோய்ச் சொதப்பினால் அதை அப்படியே போட்டு உடைப்பார். வென்டூரி அந்த அளவுக்குச் சுவாரசியமான பேச்சாளர் கிடையாது. ஆனாலும் என் ஓட்டு அவருக்குத்தான். மைக் முன்னால் வந்து உட்காருவதற்குள் அந்த மனிதர் பட்ட பாடு அப்படி.

சின்ன வயதில் அவருக்குக் கடுமையான திக்குவாய். 1931இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். அப்பா அங்கே ஹார்டிங் பார்க் என்ற கோல்ஃப் மைதானத்தில் விளையாட்டுச் சாமான் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பையனுக்குப் பேச்சு திருந்தவே திருந்தாது என்று டீச்சர் அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். கூட்டமாக ஆடும் விளையாட்டென்றால் வாயைத் திறந்தாக வேண்டும். அதனால், இருப்பதிலேயே தனியாக ஆடக்கூடிய விளையாட்டு எதுவோ அதற்குப் போய்விட்டேன் என்று பிற்காலத்தில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆளில்லாத இடத்தில் பந்தை அடித்துக்கொண்டே தனக்குத்தானே பேசிப் பேசி நாக்கைப் பழக்கியிருக்கிறார்.

அடுத்தது 1956 மாஸ்டர்ஸ், கோல்ஃபின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்று. அப்போது வயது 24, இன்னும் அமெச்சூர், அதாவது பணத்துக்கு ஆடாதவர்; பிழைப்புக்குக் கார் விற்கும் கம்பெனியில் வேலை. முதல் ரவுண்டில் 66 அடித்தார். (கோல்ஃப் பார்க்காதவர்களுக்கு: ஒரு ரவுண்டு என்றால் 18 ஹோல், மொத்தம் நாலு ரவுண்டு. ஒவ்வொரு அடியும் ஒரு ஸ்ட்ரோக்; குறைவாக அடிப்பவரே ஜெயிப்பார். அந்த மைதானத்தில் ஒரு ரவுண்டுக்கு 72 என்பதுதான் நிர்ணயித்த கணக்கு; அதைத்தான் 'பார்' என்பார்கள்.) மூன்று ரவுண்டு முடிந்தபோது 4 ஸ்ட்ரோக் முன்னால் இருந்தார். கடைசி நாளில் முன்னிலை ஆட்டக்காரரை அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர் பைரன் நெல்சனோடு ஜோடி சேர்ப்பது அப்போது அங்கே வழக்கமாக இருந்தது. வென்டூரி நெல்சனிடம் கற்றுக்கொண்டவர் என்பதால், நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று பயந்து இன்னொரு பெரிய ஆட்டக்காரரான சாம் ஸ்னீடோடு அனுப்பிவிட்டார்கள். அன்று பலமான காற்று. வென்டூரி அடித்தது 80. எட்டு ஸ்ட்ரோக் பின்னால் இருந்த ஜாக் பர்க் ஒரே ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். இன்றுவரை எந்த அமெச்சூரும் மாஸ்டர்ஸ் ஜெயித்ததில்லை. டிவியில் முதன்முதலாக வந்த மாஸ்டர்ஸும் அதுதான். ஒளிபரப்பியது அமெரிக்க டிவி நிறுவனமான சி.பி.எஸ்.

1960 மாஸ்டர்ஸில் மறுபடியும் அதே கதை. ஆட்டத்தை முடித்துவிட்டு முன்னிலையில் உட்கார்ந்திருந்தார். ஆர்னால்ட் பாமர் கடைசி இரண்டு ஹோலிலும் பேர்டி (பாரைவிட ஒரு அடி குறைவு) போட்டு, ஒரு ஸ்ட்ரோக்கில் தட்டிப் பறித்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு முதுகில் அடி, ஃபார்ம் போச்சு, பணம் போச்சு. போட்டிகளில் சேர்த்துக்கொள்ளச் சொல்லித் தானே கேட்க வேண்டிய நிலைமை.

இன்னொரு பெரிய போட்டியான 1964 யூ.எஸ். ஓப்பனுக்கும் தகுதிச் சுற்று ஆடித்தான் உள்ளே வந்தார். வாஷிங்டனுக்குப் பக்கத்தில் காங்கிரஷனல் கன்ட்ரி கிளப். அந்தக் காலத்தில் கடைசி இரண்டு ரவுண்டையும், அதாவது 36 ஹோலையும், சனிக்கிழமை ஒரே நாளில் ஆட வேண்டும். வெயில் 38 டிகிரிக்குப் பக்கம், போதாக்குறைக்குப் புழுக்கம். காலை ரவுண்டில் முதல் ஒன்பது ஹோலை 30இல் முடித்தார். ரவுண்டு முடிவதற்குள் உடம்பு நடுங்க ஆரம்பித்துவிட்டது. சின்னச் சின்ன 'பட்'களை (குழிக்குப் பக்கத்திலிருந்து பந்தை உருட்டும் அடி) எல்லாம் தவறவிட்டும் 66. இடைவேளையில் லாக்கர் ரூமில் தரையில் படுக்கவைத்து, டீயும் உப்பு மாத்திரையும் கொடுத்தார்கள். மறுபடி ஆடினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னார். இவர் எழுந்து போய்விட்டார். வேறு வழியில்லாமல் டாக்டரும் ஈரத்துண்டோடு கூடவே நடந்தார்.

மதியம் 70. மொத்தம் 278, டாமி ஜேக்கப்ஸைவிட 4 குறைவு. கடைசி பட் விழுந்ததும் "கடவுளே, ஓப்பனை ஜெயிச்சிட்டேன்" என்றார். குனிந்து பந்தை எடுக்கத் தெம்பில்லை. கூட ஆடிய 21 வயது ரேமண்ட் ஃபிளாய்ட் எடுத்துக் கொடுத்தார், அவர் கண்ணிலும் தண்ணீர். ஸ்கோர் கார்டில் கையெழுத்துப் போட வேண்டும், ஆனால் எண்கள் மண்டையில் ஏறவில்லை. தப்பான கார்டில் கையெழுத்துப் போட்டால் அத்தனையும் வீண். சரியாகத்தான் இருக்கிறது, போடு என்று பின்னால் நின்ற அமெரிக்க கோல்ஃப் சங்க (யூ.எஸ்.ஜி.ஏ.) அதிகாரி ஜோ டே சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தார். அடுத்த வருடத்திலிருந்து ஓப்பனை நான்கு நாள் போட்டியாக்கிவிட்டார்கள்.

அந்தச் சந்தோஷமும் நிலைக்கவில்லை. மணிக்கட்டில் நரம்பு நசுங்கும் கார்ப்பல் டனல் பிரச்சினையில் விரல்கள் மரத்துப்போக, அறுவை சிகிச்சை செய்தும் பழைய கை திரும்பி வரவில்லை. 1966இல் ஹார்டிங் பார்க்கிலேயே ஒரு போட்டி ஜெயித்தார். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் அது அவருக்கு 14ஆவது வெற்றி, அதோடு கடைசி.

சி.பி.எஸ்.ஸில் 1968இல் சேர்ந்து 2002 வரை இருந்தார். தோற்ற அதே மாஸ்டர்ஸை வருடா வருடம் 18ஆவது ஹோலின் கிரீன் (குழியைச் சுற்றியுள்ள புல்தரை) பக்கத்துக் கோபுரத்தில் உட்கார்ந்து வர்ணித்தார், முதலில் பாட் சம்மராலோடு, பிறகு ஜிம் நான்ட்ஸோடு.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இந்த வேலையின் கஷ்டம் சட்டென்று புரியாது. அங்கே ஒரு பந்து, ஒரு பிட்ச். கோல்ஃபில் ஒரே நேரத்தில் பல ஹோல்களில் ஆட்டம் நடக்கும். டைரக்டர் கேமராவை எங்கே மாற்றுகிறாரோ அந்த ஷாட்டுக்கு வர்ணனையாளர் உடனே தாவ வேண்டும். பந்து எப்படிக் கிடக்கிறது, காற்று எந்தப் பக்கம், எங்கே விழுந்தால் தப்பிக்கலாம், எல்லாவற்றையும் சில நொடிகளில் சொல்லிவிட்டு, ஆட்டக்காரர் அடிப்பதற்குள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சி.பி.எஸ். கோல்ஃப் ஒளிபரப்பில் மேலிடத்தில் இருந்தவர் ஃபிராங்க் சிர்கினியன். ஸ்கோரைப் 'பாருக்கு மேல், கீழ்' என்று டிவியில் காட்டும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர். சளசளவென்று பேசினால் அவருக்குப் பிடிக்காது. வென்டூரிக்கு இயல்பிலேயே சின்ன வாக்கியங்கள்தான் வரும், அதனால் ஒத்துப்போயிற்று. முன்னிலையில் இருப்பவர் கடைசி ஒன்பது ஹோலில் தடுமாறும்போது வென்டூரி சொல்வதைக் கேட்டுப் பாருங்கள். கேலியே இருக்காது. அடுத்த ஷாட்டை எப்படி அடித்தால் மீளலாம் என்பதுதான் பேச்சு. ரொம்ப இளகிய மனசு என்று சிலர் குறைபடுவார்கள். எனக்குப் பிடித்ததே அதுதான்.

கடைசி ஒளிபரப்பு 2002 ஜூனில், காங்கிரஷனலுக்குப் பக்கத்து மைதானம் ஒன்றில் நடந்த கெம்பர் ஓப்பன். இடையில் 2000 பிரசிடென்ட்ஸ் கோப்பையில் (அமெரிக்காவும், ஐரோப்பா நீங்கலான உலக அணியும் மோதும் போட்டி) அமெரிக்க அணிக்குக் கேப்டனாக இருந்து பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். 2013 மே மாதம் கோல்ஃப் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்ததால் மகன்கள்தான் போய் வாங்கினார்கள். அடுத்த 11 நாளில் வென்டூரி காலமானார்.

எனக்கு ஒப்பாத விஷயமும் ஒன்று உண்டு. 1958 மாஸ்டர்ஸில் 12ஆவது ஹோலில் பாமரின் பந்து மண்ணில் புதைந்துவிட்டது. பந்தை எடுத்துப் போட நடுவர் அனுமதிக்கவில்லை. பாமர் அப்படியே ஆடி 5 எடுத்தார். பிறகு இன்னொரு பந்தைப் போட்டு ஆடி 3 எடுத்தார். கமிட்டி 3ஐ ஏற்றுக்கொண்டது, பாமர் ஜெயித்தார். கூட ஆடிய வென்டூரி, இரண்டாவது பந்து ஆடப்போவதை முன்கூட்டியே சொல்லாதது விதிமீறல் என்று 2004இல் தன் புத்தகத்தில் எழுதினார். அவர் வாதத்தில் விஷயம் இல்லாமல் இல்லை. ஆனால் கமிட்டி முடித்துவைத்த பஞ்சாயத்தை, அதே மாஸ்டர்ஸைப் பற்றி அத்தனை வருடம் மைக்கில் பேசிய ஆள், 46 வருடம் கழித்துக் கிளறியிருக்க வேண்டாம்.